தாயைக் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள்: மதுரைப் பக்கம் நாய்க்குட்டி வாங்க முழு வழிகாட்டி

'தாயைத் தண்ணித் துறையில பார்த்தா மகளை வீட்டுல போய்ப் பார்க்க வேண்டாம்' என்பார்கள். நாய்க்குட்டிக்கும் அது அப்படியே பொருந்தும். 40 நாள் குட்டி எதுவும் பார்க்க அழகாகத்தான் இருக்கும். உருண்ட வயிறு, பெரிய பாதம், தூக்கினால் மூக்கை நக்கும். அந்த வயிறு பால் குடித்து உருண்டதா, புழுவால் உப்பியதா என்பது தூக்கிக் கொஞ்சுகிறவருக்குத் தெரியாது. தாயையும், அது படுத்திருக்கும் இடத்தையும், அதை வளர்க்கும் ஆளையும் பார்த்தால் முக்கால்வாசி தெரிந்துவிடும். அதனால் இங்கே குட்டியைப் பார்ப்பது கடைசிக்கு முந்தைய வேலை, பணம் கொடுப்பது கடைசி வேலை. ஊரில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ்: வாட்ஸ்அப்பில் படம், ஜிபேயில் அட்வான்ஸ், மாட்டுத்தாவணியில் பஸ்ஸிலிருந்து கூடையோடு இறங்கும் குட்டி.

1. முதலில் இனம், அதற்கும் முன் உங்கள் வீடு

மதுரையைச் சுற்றி நல்ல நாட்டு நாய்களுக்குப் பஞ்சமில்லை. தெற்கே விருதுநகர் மாவட்டத்தில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும், அதை ஒட்டிய கரிசல் காட்டில் கன்னி, மேற்கே தேனி மாவட்டத்தில் கோம்பை. ராஜபாளையம் 2005-ல் அஞ்சல் தலையில் ஏறியது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் வானொலி உரையில் இந்த நான்கு இனங்களையும் பெயர் சொல்லிப் பேசினார். பெயர் பரவியது நல்லதுதான். கூடவே எந்த வெள்ளைக் குட்டியையும் ராஜபாளையம் என்றும், எந்த ஒல்லிக் குட்டியையும் சிப்பிப்பாறை என்றும் விற்கும் பழக்கமும் பரவியது.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டக்கார நாய்கள். தினமும் ஓடவிட வேலி போட்ட இடம் இல்லையென்றால், கே.கே. நகரில் மூன்றாவது மாடியில் வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்? ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்குப் பிறந்தவை. புது ஆட்களை எளிதில் ஏற்காது, எல்லோருக்கும் அடங்காது. விருந்தாளி வந்து போகிற வீட்டில் சின்ன வயதிலிருந்தே பழக்க வேண்டும். வெளிநாட்டு இனம்தான் வேண்டுமென்றால் மதுரை வெயிலை நினைத்துக்கொள்ளுங்கள். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுக்குழல் குறுகல். நாய் உடல் சூட்டைத் தணிப்பதே மூச்சிரைத்துத்தான், அதுவே அவற்றுக்குச் சரியாக முடியாது. சித்திரை வெயிலில் பனிநாட்டு ஹஸ்கியை ஏசி அறையில் பூட்டி வைப்பதும் வளர்ப்பு ஆகாது.

2. போனில் கேட்க வேண்டியவை

நேரில் போவதற்கு முன் பத்து நிமிடம் பேசினாலே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். 'குட்டி என்ன விலை' என்று ஆரம்பிக்காதீர்கள். 'அண்ணே, தாய் நாயைப் பார்க்கலாமா? எப்ப வரட்டும்?' என்று ஆரம்பியுங்கள்.

'வாங்க தம்பி, ஞாயித்துக்கிழமை காலையில வாங்க, வெயிலுக்கு முன்னாடி' என்றால் மேற்கொண்டு பேசலாம். 'தாய் ஊர்ல இருக்கு, குட்டி மட்டும்தான் இங்க' என்றால் அவர் வளர்ப்பவர் அல்ல, கைமாற்றி விற்கும் தரகர். 'நீங்க ஏன் அலையணும், நான் பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டாந்து தர்றேன்' என்பதும் அதே வகை. 'ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இன்னைக்கே அட்வான்ஸ் போட்டாத்தான்' என்றால் போனை வைத்துவிடலாம்.

பிறகு இவற்றைக் கேளுங்கள்: தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது ஈத்து (பிரசவம்), இதற்கு முன் எப்போது குட்டி போட்டது, கடுவன் (இணை சேர்த்த ஆண் நாய்) யாருடையது, அதைப் பார்க்க முடியுமா, குட்டிகள் பிறந்த தேதி என்ன, எத்தனை நாளில் கொடுப்பீர்கள். பிறந்த தேதியை நேரிலும் இன்னொரு தடவை கேளுங்கள். இரண்டு தேதியும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அவர் உங்களைக் கேள்வி கேட்கிறாரா என்பதும் முக்கியம். வீடு சொந்தமா வாடகையா, பகலில் யார் இருப்பார்கள், முன்பு நாய் வளர்த்திருக்கிறீர்களா, கட்டிப்போடுவீர்களா என்றெல்லாம் குடைந்தால் கோபப்படாதீர்கள். குட்டி போகிற இடத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்தான் அது பிறந்த இடத்தையும் ஒழுங்காக வைத்திருப்பார்.

3. விதி என்ன சொல்கிறது

1960 விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017-ல் நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் தனி விதிகள் வந்தன. குட்டி போட வைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வாங்குகிறவர் மனதில் வைக்க வேண்டியவை: தாய்க்குக் குறைந்தது 18 மாதம் ஆகியிருக்க வேண்டும், வருடத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது, 8 வயதுக்கு மேல் கூடவே கூடாது. 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. தடுப்பூசியும் மைக்ரோசிப்பும் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) விற்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

பதிவுச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். நாட்டு நாய் வளர்க்கும் கிராமத்துக்காரர்களில் வருடத்துக்கு ஓர் ஈத்து மட்டும் எடுத்து, தாயைப் பிள்ளை மாதிரி வைத்திருப்பவர்களும் உண்டு. பதிவு என்றால் என்னவென்றே கேள்விப்படாதவர்களும் அவர்களில் உண்டு. விதி அவர்களுக்கும்தான், பதியச் சொல்லுங்கள். மறுபக்கம், சுவரில் சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டிவிட்டுப் பின்கட்டில் தகரக் கொட்டகையில் பத்துப் பொட்டைகளை அடைத்து வைப்பவரும் இருக்கலாம். சான்றிதழைப் பார்த்த பிறகு பின்கட்டையும் பாருங்கள்.

4. நேரில் போகும்போது

முதல் முறை போகும்போது பணமும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். குட்டியைப் பார்த்த பிள்ளை விடாது, பிறகு உங்கள் கண் எதையும் பார்க்காது. ஒரே நாளில் இரண்டு கென்னல்களுக்கு (நாய் வளர்ப்பிடங்களுக்கு) போகாதீர்கள். குட்டிகளை ரத்தக் கழிச்சலில் கொல்லும் பார்வோ கிருமி செருப்பிலும் துணியிலும் ஒட்டி வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பைக் கழற்றச் சொல்லி, கை கழுவத் தண்ணீர் கொடுக்கிறவரைப் பார்த்தால் மனதுக்குள் ஒரு மதிப்பெண் கூட்டிக்கொள்ளுங்கள்.

இடம் பளபளவென்று இருக்க வேண்டியதில்லை. தோட்டத்து மாட்டுக் கொட்டகை ஓரமாகக்கூட இருக்கலாம். நிழல் உண்டா, காற்று வருகிறதா, படுக்கை காய்ந்திருக்கிறதா, தண்ணீர்ச் சட்டியில் பாசி பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சாணம், மூத்திர வாடை கொஞ்சம் இருக்கும். கண் எரியும் அளவு வாடை என்றால் நாள்கணக்கில் கழுவவில்லை என்று அர்த்தம். வேப்பங்காய் அளவுக்கு ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள் சுவர் விரிசலில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். உண்ணிக் காய்ச்சல் நம் பக்கத்து நாய்களைச் சத்தமில்லாமல் கொல்லும் நோய்.

தாயைப் படிப்பது எப்படி

6 வாரக் குட்டிகளுக்குப் பால் கொடுத்த தாய் இளைத்துத்தான் இருக்கும். முடி கொட்டியிருக்கும், காம்பு தொங்கும். வேட்டை நாய் இனம் என்றால் கடைசி விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் எப்போதுமே தெரியும். இதை வைத்துப் பட்டினி போட்டதாக முடிவு கட்டக் கூடாது. முதுகெலும்பு முள் முள்ளாகத் துருத்தி நிற்பது, ஈறு வெளுத்திருப்பது, முழங்கையில் ஆறாத புண் இருப்பது வேறு கதை. ஈறு வெளுத்தால் கொக்கிப்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும்.

உடம்பை விட முக்கியம் குணம். குட்டிகளோடு இருக்கும் ராஜபாளையமோ கோம்பையோ உங்களைப் பார்த்துக் குரைக்கும், உறுமும். அது அதன் வேலை. வளர்ப்பவர் ஒரு சத்தம் போட்டதும் அடங்குகிறதா, அவர் கையை நக்குகிறதா என்று பாருங்கள். அவரைப் பார்த்ததும் வாலை அடிவயிற்றில் சொருகிக்கொண்டு மூலையில் ஒடுங்கினால், அங்கே அடி விழுகிறது. ஆளைப் பார்த்தாலே நடுங்கும் தாயின் குட்டிகளும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். பயப்படும் நாய்தான் நாளை கடிக்கும் நாய்.

'இதுதான் தாய்' என்று ஏதோ ஒரு பொட்டையைக் காட்டுவதும் நடக்கும். குட்டிகளை அதனிடம் விடச் சொல்லுங்கள். பால் மறந்த குட்டிகூடத் தாயைக் கண்டால் அடிவயிற்றுக்குத்தான் ஓடும்.

தகப்பனைப் பற்றி இன்னொன்று. நாட்டு இனங்களில் மொத்த எண்ணிக்கையே குறைவு, ஓர் ஊரில் பெயர் பெற்ற கடுவன் ஒன்றோ இரண்டோதான். அண்ணன் தங்கையையே, தகப்பன் மகளையே சேர்த்துவிடுவதும் நடக்கிறது. தாயின் தகப்பன் எது, குட்டிகளின் தகப்பன் எது என்று இரண்டையும் கேளுங்கள். ஒரே பெயர் வந்தால் வேண்டாம். எடுப்பான உயரத்துக்காகச் சிப்பிப்பாறையில் கிரேஹவுண்டையும், தடித்த உடம்புக்காக ராஜபாளையத்தில் பிற பெரிய இனங்களையும் கலப்பவர்களும் உண்டு. முந்தைய ஈத்துக் குட்டிகள் வளர்ந்து எப்படி இருக்கின்றன என்று படம் கேளுங்கள். வாங்கிப்போன இரண்டு பேரின் எண்ணைக் கேட்டு, போன் பண்ணிப் பேசுங்கள். நல்ல வளர்ப்பவர் இதற்குத் தயங்க மாட்டார்.

5. ராஜபாளையத்துக்கு மட்டும்: காது

பால் வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும் இருந்தால்தான் அசல் ராஜபாளையம் என்ற மோகம் பல தலைமுறைகளாக இருக்கிறது. அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் அதே நிறமிச் செல்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் செல்கள் அழிந்துபோகும். அதனால் இந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். வெள்ளை மோகத்துக்காகவே இணை சேர்த்துக்கொண்டு போனால் இன்னும் கூடும். காவலுக்கு வாங்கும் நாய்க்குக் காது கேட்கவில்லை என்றால், பின்னால் வந்து தொடுகிறவரைத் திடுக்கிட்டுக் கடிக்கவும் செய்யும்.

6 வாரத்துக்குப் பிறகு சோதிக்கலாம். குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்துத் தனி இடத்துக்குக் கொண்டுபோங்கள். கூட்டத்தில் செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்து எழும், உங்களை ஏமாற்றிவிடும். அது தூங்கும்போதோ வேறு பக்கம் பார்க்கும்போதோ, ஆறேழு அடி பின்னால் நின்று விசிலடியுங்கள், எவர்சில்வர் டம்ளரைச் சாவியால் தட்டுங்கள், பாலிதீன் பையைக் கசக்குங்கள். காலைத் தரையில் தட்டக் கூடாது, பக்கத்தில் கை தட்டக் கூடாது. அதிர்வையும் காற்றையும் உணர்ந்தே குட்டி திரும்பிவிடும். காது மடல் துடிக்கிறதா, தலை சத்தம் வந்த பக்கம் போகிறதா என்று பாருங்கள். இடைவெளி விட்டு வேறு வேறு சத்தத்தில் மூன்று தடவை செய்யுங்கள். ஒரே சத்தத்தை விடாமல் போட்டால் நல்ல காதுள்ள குட்டியும் சலித்துப்போய்த் திரும்பாது. எப்போதும் தப்பான பக்கமே தேடினால் ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று சந்தேகிக்கலாம். ஒரு பக்கச் செவிடை வீட்டில் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது, மூளையின் மின் அலையை அளக்கும் கருவிச் சோதனைதான் சொல்லும்.

'எங்க ஈத்துல செவிடே வந்ததில்ல' என்று சத்தியம் செய்பவரைவிட, 'ஒண்ணு வந்துச்சு, அந்த ஜோடியை அப்புறம் சேர்க்கல' என்பவரை நம்பலாம்.

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர் வாங்குவோர் காதுக்குப் பதில் இடுப்பைக் கேட்க வேண்டும். இடுப்பு மூட்டுக் குறை பரம்பரையாக வருவது. தாய் தகப்பன் இரண்டுக்கும் 2 வயதுக்குப் பிறகு எடுத்த இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேட்டால் பலர் முழிப்பார்கள். எடுத்து வைத்திருப்பவரிடம் விலை கூடுதலாக இருந்தாலும் வாங்கலாம்.

6. 8 வாரம் ஏன்

நம் பக்கம் 30 நாள் குட்டி, 40 நாள் குட்டி என்று விற்பதுதான் வழக்கம். 'சின்னதா எடுத்தாத்தான் கையில ஒட்டும்' என்று வாங்குகிறவர்களும் கேட்கிறார்கள். தப்பு. கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது உடன்பிறந்ததைக் கடித்து, அது கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான். இது 5 முதல் 8 வாரத்துக்குள் நடக்கிறது. 4 வாரத்தில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி உங்கள் பிள்ளையின் கையைக் கடித்துக் கற்கும். மனிதர்களோடு ஒட்டும் பருவம் 12 வாரம்வரை நீள்கிறது, 8 வாரத்தில் வாங்கினால் எதுவும் கெட்டுப்போகாது.

விற்பவருக்கு லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. 4 வாரத்துக்கு மேல்தான் குட்டிகள் நிறையத் தீனி தின்னும், தடுப்பூசிக்கும் செலவு ஆகும். அதற்கு முன் தள்ளிவிட்டால் அதெல்லாம் உங்கள் தலையில்.

வயதைப் பல்லில் பாருங்கள். பால்பல் 3 வாரத்துக்குப் பிறகுதான் முளைக்கத் தொடங்கும். 8 வாரம் நெருங்கும்போது 28 பால்பல்லும் வந்திருக்கும். வாயைத் திறந்து பின்பக்கம் தடவிப் பார்த்தால் கடைவாய்ப் பால்பல் கூர்மையாக இடற வேண்டும். வெறும் ஈறாக இருந்தால் '55 நாள்' என்பது பொய்.

7. குட்டியைக் கையில் எடுத்து

முதலில் மொத்த ஈத்தையும் பாருங்கள். ஒரு குட்டிக்கு வாந்தியோ, ரத்தம் கலந்த நாற்றக் கழிச்சலோ இருந்தால் எந்தக் குட்டியையும் எடுக்க வேண்டாம். பார்வோ தொற்றி வெளியே தெரிய ஒரு வாரம்வரை ஆகும், சில சமயம் இரண்டு வாரம்கூட. இன்று துள்ளுவது நாளை மறுநாள் சுருண்டு படுக்கும்.

ஈறு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். வயிறு மட்டும் பானையாக, முதுகு ஒட்டிக் கிடந்தால் உருண்டைப்புழு. தொப்புளில் மெத்தென்று புடைப்பு இருந்தால் குடலிறக்கமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். கடுவன் குட்டி என்றால் 8 வாரத்தில் இரண்டு விதையும் தட்டுப்பட வேண்டும். காதுக்குள் நாற்றம், விரலிடுக்கில் உண்ணி, முழங்கையிலும் கண்ணைச் சுற்றியும் முடி உதிர்ந்த வட்டம் இவற்றையும் பாருங்கள். முன்கால் மணிக்கட்டு வீங்கி வெளிப்பக்கம் வளைந்தால், சரியான சத்தில்லாமல் வளர்ந்த குட்டியாக இருக்கலாம். வளர்ப்பவர் என்ன தீனி கொடுத்தார் என்று கேளுங்கள்.

வாலும் காதும் வெட்டிய குட்டியை வாங்காதீர்கள். அது அழகும் இல்லை, சட்டமும் அனுமதிப்பதில்லை.

8. காகிதங்கள்

தடுப்பூசி அட்டையில் தேதி மட்டும் எழுதியிருந்தால் போதாது. மருந்துக் குப்பியில் இருந்து உரித்து ஒட்டிய லேபிள், கால்நடை மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் மூன்றும் வேண்டும். 'நானே போட்டுட்டேன்' என்று சொல்பவர் மருந்தை எங்கே வைத்திருந்தார்? 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, பைக் பெட்டியில் வெயிலில் வந்திருந்தால் வெறும் தண்ணீர்தான்.

30 நாளில் போட்ட ஊசியையும் கணக்கில் எடுக்காதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் ஊசியைச் செல்லாமல் ஆக்கிவிடும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநோய் ஊசி 3 மாதத்தில். புழு மருந்து 2 வார வயதில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுத்திருக்க வேண்டும். மருந்தின் பெயரும் தேதியும் எழுதி வாங்குங்கள்.

கென்னல் கிளப் பேப்பர் இருந்தால் பெற்றோர் பெயர், பதிவு எண், மைக்ரோசிப்பின் 15 இலக்க எண் மூன்றையும் சரிபாருங்கள். சிப் எண்ணை ரீடர் வைத்துப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பேப்பர் சொல்வது பரம்பரையை மட்டும்தான், ஆரோக்கியத்துக்கு அது அத்தாட்சி இல்லை. நாட்டு நாய்களுக்குப் பெரும்பாலும் பேப்பரே இருக்காது. வளர்ப்பவர் நோட்டில் எழுதி வைத்திருக்கும் இணை சேர்த்த தேதியும் குட்டி போட்ட தேதியும்தான் ஆவணம். இரண்டுக்கும் நடுவே சுமார் 63 நாள் இருக்க வேண்டும்.

ரசீதில் இரண்டு வரி கேட்டு எழுதி வாங்குங்கள்: சில நாளுக்குள் மருத்துவர் பார்த்துத் தொற்றோ பிறவிக் குறையோ கண்டால் பணம் திரும்பும், எத்தனை வருடம் கழித்தும் உங்களால் வளர்க்க முடியாமல் போனால் அவரே திரும்ப எடுத்துக்கொள்வார். இரண்டாவது வரிக்குச் சம்மதிப்பவர்கள் குறைவு. சம்மதித்தவரை விடாதீர்கள்.

மோசமான இடத்தில் ஒரு நோஞ்சான் குட்டி உங்களைப் பார்க்கும். 'பாவம், இதையாவது காப்பாத்துவோம்' என்று தோன்றும். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தத் தாயை அடுத்த பருவத்தில் மறுபடி சேர்க்க வைக்கும். வாங்காமல் வந்து, விலங்குகள் நல வாரியத்துக்கோ காவல் நிலையத்துக்கோ புகார் கொடுங்கள்.

9. கொண்டுவரும் நாளும் அடுத்த வாரமும்

காலை ஏழு மணிக்குள் கிளம்பும்படி வாருங்கள். குட்டிக்கு மூன்று மணி நேரம் முன்பே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள், காரில் வாந்தி குறையும். தாயிடம் கிடந்த பழைய சாக்கையோ துணியையோ கேட்டு வாங்குங்கள். முதல் மூன்று இரவு அழுகை அந்த வாடையில் பாதி அடங்கும். வழியில் திருமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினாலும் குட்டியைத் தரையில் விடாதீர்கள், ஊர் நாய்கள் நடமாடும் மண்ணில்தான் பார்வோ கிடக்கும்.

வீட்டில் முன்பு ஏதாவது குட்டி பார்வோவில் செத்திருந்தால், தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவிட்டு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பினாயிலை நம்பாதீர்கள். மண் தரை, தோட்டம் என்றால் அங்கே ஊசிகள் முடியும்வரை குட்டியை விடவே கூடாது.

48 மணி நேரத்துக்குள் உங்கள் மருத்துவரிடமோ தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையிலோ காட்டுங்கள். அங்கேயும் கையிலேயே வைத்திருங்கள். மலம் கொஞ்சம் டப்பாவில் எடுத்துப்போனால் புழு முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். சிப்பிப்பாறை, கன்னி என்றால் அதை மருத்துவர் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைந்த இந்த ஓட்ட நாய்கள் சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய வெகுநேரம் எடுக்கும். கருத்தடை அறுவைக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வாரம் அவர் கொடுத்த அதே தீனியையே, ஒரு நாளைக்கு நான்கு வேளை கொடுங்கள். பிறகு கால் பங்கு, அரைப் பங்கு என்று மாற்றுங்கள். வந்த அன்றே மாற்றினால் கழிச்சல் வரும், அது தீனியால் வந்ததா பார்வோவா என்று தெரியாமல் நீங்கள்தான் பதறுவீர்கள். வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரம் தனி அறை, தனிச் சட்டி. விளையாட்டில் பல் பட்டு ரத்தம் வந்தால் குட்டிதானே என்று விடாமல், 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அந்த வயதில் குட்டிக்கு வெறிநோய் ஊசி போட்டிருக்காது.